உறையை மாற்றிய பாதிரியார்

1988 மார்ச் 19, சனிக்கிழமை. பெல்ஃபாஸ்ட் நகரின் மேற்குப் பகுதியில் ஒரு சவ ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கார் வழிதவறி நுழைந்தது. உள்ளே சாதாரண உடையில் இரண்டு பிரிட்டிஷ் ராணுவத்தினர். தங்களைக் கொல்ல வந்தவர்கள் என்றே கூட்டம் நினைத்தது. காரிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். அலெக் ரீட் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அவர்கள் இருவருக்கும் நடுவில் தரையில் விழுந்து, ஆளுக்கொரு கையாகப் போட்டு அணைத்துக்கொண்டார். எழுந்திரு, இல்லாவிட்டால் உன்னையும் சுடுவோம் என்று மிரட்டி அவரை அகற்றினார்கள். சற்று நேரத்தில் துப்பாக்கிச் சத்தம். பக்கத்துக் காலி மனைக்கு அவர் ஓடியபோது ஒருவருக்கு இன்னும் மூச்சு இருந்ததாகத் தோன்றியது. வாயோடு வாய் வைத்து ஊதிப் பார்த்தார். பயனில்லை. இறுதி எண்ணெய் பூசினார். உதட்டில் இரத்தத்தோடு, கிட்டத்தட்ட நிர்வாணமான அந்த உடலருகே அவர் மண்டியிட்டிருக்கும் புகைப்படம் உலகமெங்கும் போனது.

படத்தில் தெரியாத ஒன்று அப்போது அவரிடம் இருந்தது. ஓர் உறை. வடக்கு அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபெயின் கட்சி, அரசியல் வழியில் தீர்வு காண்பது பற்றி எழுதிய ரகசிய ஆவணம் அதற்குள் இருந்தது. டெரி நகரில் இருந்த, கத்தோலிக்கத் தரப்பின் மிதவாதக் கட்சித் தலைவர் ஜான் ஹியூமிடம் அதைச் சேர்க்க வேண்டிய பொறுப்பு அவருடையது. இறந்த ராணுவத்தினரின் இரத்தம் உறையிலும் பட்டிருந்தது. ரீட் உறையை மாற்றினார். தாளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வடக்கு அயர்லாந்தின் சமாதானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1998இல் கையெழுத்தான ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவார்கள். தொடங்க வேண்டிய இடம் இந்த உறைதான். கொலை நடந்த அதே நாளில், கொன்றவர்களின் தரப்பிலிருந்து வந்த தாளை ஒரு மனிதர் தூக்கி எறியவில்லை. ஆத்திரப்பட அவருக்குக் காரணம் இல்லாமலா இருந்தது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட அவர் விடவில்லை.

அந்த ஊர்வலம் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் 6 அன்று ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ.வைச் சேர்ந்த மூவரை பிரிட்டிஷ் சிறப்புப் படை சுட்டுக்கொன்றது. அவர்கள் குண்டுவெடிப்புக்குத் திட்டமிட்டே அங்கு போயிருந்தார்கள். வெடிபொருள் வைத்த கார் பிறகு ஸ்பெயினில் கிடைத்தது. ஆனால் சுடப்பட்டபோது அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. மார்ச் 16 அன்று அவர்களின் அடக்கம் மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் நடக்கையில் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவர் கையெறி குண்டு வீசிச் சுட்டார். மூவர் இறந்தார்கள். அந்த மூவரில் ஒருவரின் சவ ஊர்வலம்தான் 19ஆம் தேதி போனது. பதினான்கு நாட்களுக்குள் ஒரு சாவு அடுத்த சாவுக்கு வழிவிட்டு வந்த கணக்கு இது. இதில் ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குப் பதிலடி என்றே அடித்தவருக்குத் தோன்றியது.

தமிழில் இப்படிப்பட்டவர்களுக்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன: பயங்கரவாதி, தீவிரவாதி, போராளி. எந்தச் சொல்லை எடுக்கிறோம் என்பதிலேயே எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும். ஐ.ஆர்.ஏ. விஷயத்தில் சொல்லை மென்மையாக்க வேண்டிய அவசியம் இல்லை. முப்பதாண்டுகளில் இறந்த 3,500க்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொன்றது அந்த அமைப்பு. மதுக்கடையிலும் கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலும் குண்டு வைத்தது. வெறும் பதினைந்து லட்சம் பேர் வாழ்ந்த சிறு நிலப்பகுதி அது. சாவு தொடாத தெரு அங்கே அபூர்வம். அந்தச் சாவுகளை நன்கு அறிந்தவர்கள்தான் அந்த அமைப்போடு பேச வேண்டும் என்றும் சொன்னார்கள். இதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது.

ரீட் வாழ்ந்த குளோனார்டு மடத்தை ஒட்டி பம்பாய் தெரு என்று ஒன்று இருக்கிறது. பக்கத்தில் காஷ்மீர் சாலை. பேரரசின் காலத்தில் வைத்த பெயர்கள். 1969 ஆகஸ்டில் புராட்டஸ்டன்ட் கும்பல் ஒன்று பம்பாய் தெருவின் கத்தோலிக்க வீடுகளைக் கொளுத்தியது. வாக்குரிமையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் வேலையிலும் கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த குடிமை உரிமைப் போராட்டத்துக்கு வந்த எதிர்வினை அது. அந்த மாதம் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியபோது கத்தோலிக்கப் பெண்கள் சிப்பாய்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். காக்க வந்தவர்கள் என்று நம்பினார்கள்.

தேநீர் ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை.

1970 ஜூலையில் பெல்ஃபாஸ்டின் ஃபால்ஸ் பகுதியில் ஆயுதம் தேடி ராணுவம் ஊரடங்கு போட்டது. ஏறக்குறைய 3,000 வீடுகளை வளைத்துக்கொண்டு, கண்ணீர்ப் புகை வீசி, வீடு வீடாகப் புரட்டியது. நான்கு பேர் இறந்தார்கள். ஆயுதங்கள் கிடைத்தது உண்மை. கடைசியில் ஊரடங்கை உடைத்தது துப்பாக்கி இல்லை. அடுத்த பகுதியிலிருந்து பெண்கள் குழந்தைத் தள்ளுவண்டிகளில் பாலும் ரொட்டியும் வைத்துக்கொண்டு சிப்பாய்களைத் தாண்டி நடந்து வந்தார்கள். தேநீர் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

1971 ஆகஸ்ட் 9, விடியற்காலை நான்கு மணி. விசாரணையில்லாச் சிறை தொடங்கியது. அன்று பிடிபட்டவர்கள் 342 பேர். ஏறத்தாழ எல்லோரும் கத்தோலிக்கத் தரப்பினர். பட்டியல் பழசாக இருந்தது. ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் பலர் அதில் இல்லை. என்றோ கிழமாகிப்போன பழைய குடியரசுவாதிகள் இருந்தார்கள், வெறுமனே ஊர்வலம் போனவர்கள் இருந்தார்கள். தெருவுக்கு ராணுவம் வருகிறது என்று எச்சரிக்கப் பெண்கள் குப்பைத் தொட்டி மூடிகளைத் தரையில் அடித்துச் சத்தம் எழுப்பினார்கள். பிடித்துப் போனவர்களில் பதினான்கு பேரின் தலையில் சாக்கு மாட்டி, மணிக்கணக்கில் சுவரில் கைவைத்து நிற்கவிட்டு, இடைவிடாத இரைச்சலில் வைத்து, தூக்கமும் சோறும் தண்ணீரும் மறுத்து விசாரித்தார்கள். இது மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்று 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வன்முறையை அடக்கத்தான் இத்தனையும். எண்கள் வேறு கதை சொல்கின்றன. 1970இல் இறந்தவர்கள் முப்பது பேருக்கும் குறைவு. 1971இல் 170க்கு மேல், அதில் பெரும்பகுதி ஆகஸ்ட் 9க்குப் பிறகு. 1972இல் 470க்கு மேல். முப்பதாண்டுகளிலும் மிக மோசமான ஆண்டு அதுதான்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை அன்று, விசாரணையில்லாச் சிறையை எதிர்த்து டெரியில் போன ஊர்வலத்தின் மீது ராணுவத்தின் பாராசூட் படைப்பிரிவு சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். இன்னொருவர் சில மாதங்களில் இறந்தார். அவசரமாக நடந்த அரசு விசாரணை ராணுவத்தின் பக்கம் நின்றது. உண்மையை அரசே ஒப்புக்கொள்ள 38 ஆண்டுகள் ஆயின. சாவில் பிரபுவின் விசாரணை அறிக்கை 2010 ஜூன் 15 அன்று வெளிவந்தபோது, சுடப்பட்டவர்களில் யாரும் யாருக்கும் ஆபத்தாக இருக்கவில்லை என்பது உறுதியானது. நியாயப்படுத்தவே முடியாத செயல் என்று பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஐ.ஆர்.ஏ.வை வலுப்படுத்தியது என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. துப்பாக்கியைக் கையில் எடுக்கத் தயங்கிக்கொண்டிருந்த இளைஞர்களின் தயக்கத்தை அரசின் துப்பாக்கி தீர்த்துவைத்தது.

1981இல் அதே பாடம் வேறொரு வடிவில் வந்தது. அரசியல் கைதி என்ற தகுதி கேட்டுச் சிறையில் உண்ணாவிரதம் இருந்த பாபி சாண்ட்ஸ் 66ஆம் நாள் இறந்தார். இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவரையும் சேர்த்துப் பத்துப் பேர். பிரதமர் மார்கரெட் தாட்சர் கடைசிவரை இறங்கவில்லை. கைதிகள் கேட்டவற்றில் பெரும்பகுதியைச் சாவுகள் முடிந்த பிறகு சத்தமில்லாமல் அரசு கொடுத்தது. கொடுப்பதுதான் முடிவு என்றால் பத்து இளைஞர்கள் ஏன் சாக வேண்டும்? பெல்ஃபாஸ்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் சாண்ட்ஸின் ஊர்வலத்தில் நடந்தபோது, ஒரு தேர்தல் கட்சியாக ஷின் ஃபெயின் எழுந்து நிற்க அஸ்திவாரம் விழுந்துவிட்டது.

பேச்சு என்பது 1990களில் திடீரென்று முளைத்த ஞானம் என்றும் நினைக்கக் கூடாது. 1972 ஜூலை 7 அன்றே லண்டனில் செய்ன் வாக் என்ற தெருவில் ஓர் அமைச்சரின் வீட்டில், வடக்கு அயர்லாந்து விவகார அமைச்சர் வில்லியம் வைட்லாவும் ஐ.ஆர்.ஏ. தலைவர்களும் ரகசியமாகச் சந்தித்தார்கள். அதற்காகவே, பின்னாளில் ஷின் ஃபெயின் தலைவரான ஜெரி ஆடம்ஸைச் சிறையிலிருந்து வெளியே விட்டார்கள். கூட வந்த மார்ட்டின் மெக்கின்னஸுக்கு வயது 22. சந்திப்பு தோற்றது. பிரிட்டன் எப்போது வெளியேறும் என்று தேதி சொல்லச் சொன்னார்கள் ஐ.ஆர்.ஏ. தலைவர்கள். அப்படிச் சொல்ல எந்த அமைச்சராலும் முடியாது. இரண்டு வாரத்தில், ஜூலை 21 அன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் பெல்ஃபாஸ்ட் நகரெங்கும் ஐ.ஆர்.ஏ. வைத்த இருபதுக்குக் குறையாத குண்டுகள் வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வாரத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் எதையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாத நேரத்தில் வெறும் சந்திப்பு ஒன்றையும் தடுக்காது.

ஆனாலும் ஒரு நூல் அறுபடாமல் இருந்தது. டெரியில் பிரெண்டன் டடி என்றொரு வியாபாரி. 1960களில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்குப் பர்கர் கொண்டுவந்து போடும் பையனாக வந்துபோனவர் மெக்கின்னஸ். அப்போது பையனுக்கு அரசியலில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை, கடையிலிருந்த பெண்பிள்ளைகளோடு பேசுவதில்தான் கவனம் என்று டடி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1970களின் தொடக்கத்திலிருந்து இருபதாண்டுக் காலம், இந்த டடி ஐ.ஆர்.ஏ. தலைமைக்கும் பிரிட்டிஷ் உளவுத்துறையின் மைக்கேல் ஓட்லிக்கும் நடுவே நின்றார். சம்பளமில்லை, பெயருமில்லை. தெரிந்தால் எந்தத் தரப்பும் சுட்டிருக்கலாம். அந்தத் தொடர்பை ஓட்லி ஒரு மூங்கில் குழாய்க்கு ஒப்பிட்டார்: இந்த முனையில் மெல்ல ஊதினால் அந்த முனையில் இருப்பவர் உணர்வார், திருப்பி ஊதுவார். பல வருடங்களில் ஊதிய மூச்சுக்குப் பதிலே வரவில்லை. குழாயை மட்டும் யாரும் உடைக்கவில்லை.

1973இல் சன்னிங்டேல் என்ற இடத்தில் ஓர் ஒப்பந்தம் ஆனது. அதிகாரத்தை இரு சமூகங்களும் பகிர்ந்துகொள்வது, தனிநாடான தெற்கு அயர்லாந்தோடு ஒரு கூட்டு மன்றம். 1974 மே மாதத்தில் புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களின் பொது வேலைநிறுத்தம் அதைக் கவிழ்த்தது. ஐ.ஆர்.ஏ.வும் அதை ஏற்கவில்லை. 1998இல் வந்த ஒப்பந்தத்தின் எலும்புக்கூடு ஏறக்குறைய இதுவேதான். பாடம் மெதுவாக ஏறுகிறவர்களுக்கான சன்னிங்டேல் என்று அரசியல்வாதி ஷேமஸ் மாலன் அதைக் குறிப்பிட்டார். கேட்கச் சாதுரியமான வாக்கியம். கணக்குப் போட்டால் தொண்டை அடைக்கிறது: அந்த முப்பதாண்டுகளில் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் சன்னிங்டேல் கவிழ்ந்த பிறகு இறந்தவர்கள்.

ஜான் ஹியூம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஏழைகள் கடன் வாங்க ஒரு கூட்டுறவுச் சங்கத்தை டெரியில் கட்டி எழுப்பியவர். வன்முறையை ஒருநாளும் ஆதரித்ததில்லை. 1988இல் ஆடம்ஸோடு பேசத் தொடங்கியபோது சொந்தக் கட்சியிலேயே முகம் சுளித்தார்கள். பத்திரிகைகள் கிழித்தன. 1993 அக்டோபர் 23, பெல்ஃபாஸ்டின் ஷாங்கில் சாலையில் மீன் கடை ஒன்றில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு ஒன்பது பேரையும் வைத்தவரையும் கொன்றது. குண்டு வைத்தவரின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஆடம்ஸும் ஒருவர். ஒரே வாரத்தில் கிரேஸ்டீல் ஊரின் மதுக்கடையில் எதிர்த்தரப்பினர் எட்டுப் பேரைச் சுட்டுக்கொன்றார்கள். இந்த ஆடம்ஸோடு பேச்சா என்று நாடே ஹியூமைப் பார்த்துக் கேட்டது. கிரேஸ்டீல் அடக்கத்துக்கு அவர் போயிருந்தார். இறந்தவர் ஒருவரின் மகள் அவரிடம் வந்து, நேற்றிரவு அப்பாவின் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து நீங்கள் தொடங்கிய வேலை வெற்றி பெற வேண்டும் என்று ஜெபித்தோம் என்று சொன்னார். ஹியூம் அந்த இடத்திலேயே உடைந்து அழுதார்.

பெரிய தலைவர்களின் நினைவுக் குறிப்புகள் பலவற்றை விட அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு எடை அதிகம். பழிவாங்கச் சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அந்த உரிமையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

அதே வாரங்களில் பிரதமர் ஜான் மேஜர், ஆடம்ஸோடு உட்கார்ந்து பேசுவது தன் வயிற்றைப் புரட்டும் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். நவம்பர் இறுதியில், அவருடைய அரசு ஐ.ஆர்.ஏ.வோடு ரகசியமாகச் செய்தி பரிமாறி வந்தது வெளியாகிவிட்டது. டடியின் குழாய் வழியாகத்தான். அந்த ஆண்டு மார்ச்சில், இங்கிலாந்தின் வாரிங்டன் கடைத்தெருவில் குண்டு வெடித்து மூன்று வயதுக் குழந்தை இறந்து, பன்னிரண்டு வயதுச் சிறுவன் சாகக் கிடந்த நாட்களில், பிரிட்டிஷ் தரப்பு ஆள் ஒருவர் டெரிக்கு வந்து மெக்கின்னஸைச் சந்தித்திருந்தார். மேஜரைப் பொய்யர் என்றார்கள். இருக்கட்டும். வெளியே சொன்னதை விட உள்ளே செய்தது மேலானதாக இருந்தது. அந்த டிசம்பரில் அவரும் அயர்லாந்துப் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸும் டவுனிங் தெரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1994 ஆகஸ்ட் 31 அன்று ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ராணுவமும் உளவுத்துறையும் நெருக்கியதால்தான் ஐ.ஆர்.ஏ. பேச்சுக்கு இறங்கி வந்தது, அந்த நெருக்கடி இல்லாவிட்டால் எந்தப் பாதிரியாரும் எதையும் சாதித்திருக்க முடியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அந்த அமைப்புக்குள் ஒற்றர்கள் ஊடுருவியிருந்தார்கள். பல தாக்குதல்கள் தொடங்கும் முன்பே முறிந்தன. வெல்ல முடியாது என்ற சோர்வு அதன் தலைமைக்கு வந்திருந்தது. ஆனால் அதே சோர்வு ராணுவத் தலைமைக்கும் வந்திருந்தது. இரண்டு பேருக்கும் சுவர் முட்டியபோது, வெளியே போக ஒரு கதவு வேண்டியிருந்தது. நெருக்கடி கதவைச் செய்யாது. அதை ஹியூம்களும் ரீட்களும் டடிகளும் இருபது வருடமாக இழைத்து வைத்திருந்தார்கள்.

எதிரியைப் புரிந்துகொள்வது என்றால் அவனுடைய செயலை நியாயப்படுத்துவது என்று பலர் பயப்படுகிறார்கள். வடக்கு அயர்லாந்தில் புரிந்துகொள்வதற்கு ஒரு நடைமுறைப் பொருள் இருந்தது: இந்த ஆள் இங்கிருந்து எழுந்துபோய்த் தன் ஆட்களிடம் என்ன சொல்லிக்கொள்வான்? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எழுதும் எந்த ஒப்பந்தமும் அடுத்த வாரம் கிழிந்துவிடும். பிரதமர் டோனி பிளேரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜொனாதன் பவலின் தந்தையை 1940இல் ஐ.ஆர்.ஏ. சுட்டுக் காயப்படுத்தியிருந்தது. அண்ணனின் பெயர் அதன் கொலைப் பட்டியலில் இருந்தது. 1997இல் முதல் சந்திப்பில் ஆடம்ஸுக்கும் மெக்கின்னஸுக்கும் பவல் கை கொடுக்க மறுத்தார். சில காலத்தில் மெக்கின்னஸின் அழைப்பின் பேரில், பாதுகாப்பு இல்லாமல், தனியாக டெரிக்குப் போய், யாரோ வந்து ஏற்றிப்போன காரில் ஊரைச் சுற்றி, ஒரு சிறு வீட்டில் மணிக்கணக்கில் அவரோடு உட்கார்ந்தார். அங்கே பெரிய முடிவு எதுவும் ஆகவில்லை. அவர்களுடைய இடத்துக்குப் போனால்தான் நம்பிக்கை பிறக்கும் என்பது மட்டும் அன்று அவருக்கு விளங்கியது. கை கொடுக்க மறுத்ததற்காகப் பின்னால் அவரே வருந்தினார்.

1998 ஜனவரியில் எதிர்த்தரப்பு ஆயுதக் குழுவின் கைதிகள் பேச்சுக்குக் கொடுத்த ஆதரவைத் திரும்பப் பெற்றார்கள். அமைச்சர் மோ மோலம், மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெற்றிருந்தவர், நேராக மேஸ் சிறைக்குள் போய் அந்தக் கொலைக் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார். அமைச்சர் செய்யும் வேலையா இது என்று கண்டனம் கிளம்பியது. அன்று மாலைக்குள் கைதிகள் மனம் மாறினார்கள்.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளி. ஒப்பந்தம் ஆனது. அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் பேச்சுகளை நடத்தினார். புராட்டஸ்டன்ட் தரப்பின் பெரிய கட்சித் தலைவர் டேவிட் டிரிம்பிள், ஆடம்ஸோடு நேரடியாகப் பேச்சு நடத்தாமலே அதை ஏற்றார். இருவரும் முதன்முதலில் தனியே சந்தித்தது அதே ஆண்டு செப்டம்பரில்தான். சமாதானத்துக்கு நட்பு தேவை என்று யார் சொன்னார்கள்? ஒப்பந்தத்தின் பெயரில்கூட அவர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு தரப்புக்கு அது பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம், மறு தரப்புக்குப் பெரிய வெள்ளி ஒப்பந்தம். டெரி நகரைக்கூட ஒரு தரப்பு லண்டன்டெரி என்றுதான் சொல்கிறது.

ஒப்பந்தத்தின் மையமான ஏற்பாடு எளிமையானது. பெரும்பான்மை மக்கள் விரும்பும்வரை வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கும். விரும்பினால் ஒன்றுபட்ட அயர்லாந்தோடு சேரலாம். அங்கே பிறந்த ஒருவர் தன்னை ஐரிஷ்காரர் என்றோ பிரிட்டிஷ்காரர் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். அந்த ‘இரண்டும்’ என்ற சொல்லுக்காக எத்தனை உயிர். ஒப்பந்தத்தின் பிரதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப்பட்டது. மே 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் ஆதரித்தார்கள். தெற்கு அயர்லாந்து தன் அரசியல் சாசனத்திலிருந்த நிலவுரிமைக் கோரலையே மாற்றிக்கொண்டது.

விலையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இரண்டு ஆண்டுகளில் 400க்கு மேற்பட்ட கைதிகள் வெளியே வந்தார்கள். ஷாங்கில் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்றவர் வந்தார், கிரேஸ்டீலில் சுட்டவர்கள் வந்தார்கள். அம்மாவைக் கொன்றவனைக் கடைத்தெருவில் பார்க்க நேர்ந்த பிள்ளைகளிடம், சமாதானத்துக்காகப் பொறுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்தச் சமாதானத்தின் வட்டியைக் கட்டியவர்களும் கட்டிக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான். பேச்சை ஆதரித்து எழுதுகிற எவரும் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும்.

எனிஸ்கில்லன் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கோர்டன் வில்சன் 1987 நவம்பர் 8 அன்று, போரில் இறந்தவர்களின் நினைவு நிகழ்ச்சியில் நிற்கையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. அன்று பதினொரு பேர் இறந்தார்கள். இடிபாட்டுக்குள் நர்ஸாக இருந்த இருபது வயது மகளின் கையைப் பிடித்தபடி கிடந்தார். மகள் பிழைக்கவில்லை. மனதில் வன்மம் இல்லை என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னார். அவருடைய ஊரிலேயே சிலருக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் சார்பில் மன்னிக்க நீ யார் என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது, அதுவும் நியாயமான கேள்வி. 1993இல் அவர் ஐ.ஆர்.ஏ. ஆட்களைச் சந்தித்துக் குண்டுவெடிப்பை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். ஏமாற்றத்தோடு திரும்பினார். அடுத்த ஆண்டே அவர்கள் நிறுத்தியது அவர் சொல்லுக்காகவா என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

ஜோ பெரி என்பவரின் தந்தை நாடாளுமன்ற உறுப்பினர். 1984இல் தாட்சரைக் குறிவைத்து பிரைட்டன் ஹோட்டலில் வைத்த குண்டில் இறந்த ஐவரில் ஒருவர். குண்டு வைத்த பாட்ரிக் மேகி ஒப்பந்தப்படி 1999இல் விடுதலையானார். 2000இல் பெரி அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். தன் அரசியலை நியாயப்படுத்தியே பேசத் தொடங்கிய மேகி, கேட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் வலியைப் பார்த்து ஒரு கட்டத்தில் சொல் இழந்தார். அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் இருவரும் சேர்ந்து மேடைகளில் பேசினார்கள். மன்னித்துவிட்டேன் என்ற சொல்லை விடப் புரிந்துகொள்ள முயல்கிறேன் என்ற சொல்லே பெரிக்கு ஏற்றதாக இருந்தது.

ஒப்பந்தம் ஆகி நான்கே மாதம். 1998 ஆகஸ்ட் 15 அன்று ஓமா நகரின் கடைத்தெருவில், ஒப்பந்தத்தை ஏற்காத உதிரிக் குழு ஒன்று வைத்த கார் குண்டில் 29 பேரும் ஒரு கர்ப்பிணியின் வயிற்றிலிருந்த இரட்டையரும் இறந்தார்கள். 1971 திரும்பிவர இதை விடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. சட்டங்கள் கடுமையாயின. ஆனால் விடியற்காலையில் தெருத் தெருவாக ஆள் அள்ளும் வேலை நடக்கவில்லை. ஆடம்ஸ் மழுப்பாமல் கண்டித்தார். தங்கள் மக்களே கைவிட்ட அந்தக் குழு மூன்றரை வாரத்தில் போர்நிறுத்தம் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த மூன்றரை வாரப் பொறுமை எங்கிருந்து வந்தது? ஒரு கத்தோலிக்க இளைஞன் தன் கோபத்தைக் கொண்டுபோய் வைக்க அப்போது ஒரு சபை இருந்தது, ஒரு வாக்குச்சீட்டு இருந்தது. 1971இல் அவன் நம்பக்கூடிய சபை இல்லை.

மெக்கின்னஸ் பிற்காலத்தில் வேறு நாடுகளுக்கும் போய்ப் பேசினார். 2006இல் இலங்கைக்கு வந்து விடுதலைப் புலிகளின் பிரதிநிதிகளைச் சந்தித்தார். நார்வேயின் முயற்சியில் 2002இல் கையெழுத்தான போர்நிறுத்தம் அப்போதே நைந்துகொண்டிருந்தது. அந்தச் சந்திப்பு ஏன் எதையும் தடுக்கவில்லை, யார் யார் எதை விட்டுக்கொடுக்கவில்லை என்பது தனியாக, நீளமாக எழுத வேண்டிய கதை. 2009 மே மாதத்தைத் தமிழர்களுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

2005 ஜூலையில் ஐ.ஆர்.ஏ. ஆயுதப் போராட்டம் முடிந்தது என்று அறிவித்தது. செப்டம்பரில் அதன் ஆயுதங்களை முழுவதும் செயலிழக்கச் செய்யும் பணியைக் கனடா ஜெனரல் ஜான் டி சாஸ்டலேன் மேற்பார்வையிட்டார். சாட்சிகளாக இரண்டு மதகுருமார்கள். ஒருவர் மெதடிஸ்ட் திருச்சபையின் ஹரால்ட் குட். இன்னொருவர் அலெக் ரீட். பதினேழு ஆண்டுகளுக்கு முன் காலி மனையில் மண்டியிட்டிருந்த அதே மனிதர் துப்பாக்கிகள் எண்ணப்படுவதை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் காவலுக்குக் கூடவே நின்ற ஐ.ஆர்.ஏ. இளைஞனிடம் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஒன்று இருந்தது. எல்லாம் முடிந்ததும் அவன் அதையும் ஜெனரலிடம் கொடுத்துவிட்டு, கலங்கிய முகத்தோடு நின்றான். அயர்லாந்தின் அரசியலிலிருந்து கடைசித் துப்பாக்கி போகிறது என்று ரீட் தன் காதருகே மெல்லச் சொன்னதாகக் குட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 2007இல், தாம் வாழ்நாளெல்லாம் வெறுத்த மெக்கின்னஸோடு புராட்டஸ்டன்ட் கட்சித் தலைவர் இயன் பெய்ஸ்லி ஆட்சியில் அமர்ந்தார். அந்த ஜூலை கடைசி நாளில் 38 ஆண்டு நீண்ட ராணுவப் பணி முடிந்தது.

பம்பாய் தெரு திரும்பக் கட்டப்பட்டு இன்றும் இருக்கிறது. வீடுகளின் பின்புறத்தை ஒட்டி உயரமான மதில் எழுந்து நிற்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் புராட்டஸ்டன்ட் குடியிருப்பு. அங்கிருந்து விழும் கல்லுக்கும் புட்டிக்கும் பயந்து, பின்கொல்லை முழுவதையும் இரும்புக் கம்பி வலைக் கூண்டால் மூடியிருக்கிறார்கள். 2023க்குள் எல்லா மதில்களையும் எடுத்துவிடுவோம் என்று அரசு 2013இல் சொன்னது. எடுக்கவில்லை. இரு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் பத்தில் ஒரு பங்கு மாணவர்கள்கூட இல்லை. மதில்களுக்கு நடுவே சாலை போகும் சில இடங்களில் பெரிய இரும்புக் கதவுகள் உண்டு. காலையில் திறப்பார்கள், பள்ளிக்கும் வேலைக்கும் ஆட்கள் இரு பக்கமும் போய் வருவார்கள். இருட்டியதும் சாத்துவார்கள்.